ராடா சீமாட்டியின் பார்டர்

பிப்ரவரி 8, சனி

எல்லாம் தலையை ஆட்டியதால் வந்த வினை.

இந்த பல்கேரியாவில் மேலும் கீழும் தலையை ஆட்டினால் 'இல்லை' என்று அர்த்தம். பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்'. நாம் ஆட்டுவது இரண்டிலும் சேராத ஓர் ஆட்டல். ஆனால் இவர்கள் அதை ஆமாம் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நூலகத்தில் நடக்கும் மொழி வகுப்புக்குப் போனவள், கதவு மாறிப் பக்கத்து ஹாலில் நுழைந்துவிட்டேன். அங்கே ஏழெட்டுப் பெண்கள் ஒரு பெரிய புகைப்படத்தைச் சுற்றி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி போல் ஓர் அம்மாள், வெள்ளை முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. என்னைப் பார்த்து என்னவோ கேட்டார். ஆட்டினேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் ஆட்டினேன். வீடு திரும்பும்போது நான் பழங்கால உடைக் குழுவில் ஓர் உறுப்பினர், அதுவும் துணி வெட்டும் பொறுப்பில்.

இவரிடம் சொன்னேன். இவருக்கு ஊருக்கு வெளியே ஒரு சாய ஆலையில் கெமிஸ்ட் வேலை. அந்த வேலைக்காகத்தான் திருப்பூரை விட்டு இந்த பிளவ்டிவ் நகரத்துக்கு வந்து குளிரில் கிடக்கிறோம்.

“நல்லதுதான் கோகிலா. வூட்ல உக்காந்து என்னையவே பாத்துட்டிருக்கறதுக்கு அது தேவலாம்” என்றார்.

எதற்குத் தேவலாம், யாருக்குத் தேவலாம் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

தலைவி அம்மாள் பெயர் பென்கா. ஓய்வு பெற்ற வரலாற்று டீச்சர். அவருக்குத் தெரிந்தது பள்ளிக்கூட இங்கிலீஷ், எனக்குத் தெரிந்தது மளிகைக் கடை பல்கேரியன். இரண்டையும் கலந்து பேசிக்கொள்கிறோம். இந்த நோட்டில் அவர் பேச்சை நம்மூர்ப் பேச்சாகவே எழுதப்போகிறேன், என் காதில் அப்படித்தான் விழுகிறது. என்னை 'மிலா' என்று கூப்பிடுகிறார். அது நம் அம்மிணியேதான், சந்தேகமில்லை.

குழுவின் வேலை இது. பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பழைய சின்னக் கோயில். அதைக் கட்டிவைத்த பிரபுவும் அவர் மனைவி ராடா சீமாட்டியும் உள்சுவரில் ஓவியமாக நிற்கிறார்கள். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியம் என்கிறார்கள். ராடா போட்டிருக்கும் உடையை அப்படியே தைத்து, ஜூனில் கோயில் திருவிழா அன்று ஒரு பெண்ணுக்குப் போட்டு, அவளை ராடாவாக ஊர்வலத்தில் நடக்கவிட வேண்டும்.

டீச்சருக்கு ஒரே சட்டம். “செவுத்துல இருக்கறது மட்டுந்தான் அம்மிணி. இல்லாதது ஒரு நூல்கூட வரக்கூடாது.”

“பொத்தான் எங்கீங்க டீச்சர்?”

“செவுத்துல இல்ல.”

“அப்பறம் எப்படிப் போட்டுக் கழட்டுனாங்க?”

“அதும் செவுத்துல இல்ல.”

டீச்சர் வகுப்பில் படித்த பிள்ளைகளை நினைத்துப் பாவமாக இருந்தது. ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. திருப்பூரில் எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கும் பையருக்கு இவ்வளவு தெளிவு இருந்திருந்தால் அளவு வரைந்து வெட்டும் பேட்டர்ன் மாஸ்டராக இருந்த எனக்குப் பாதி தலைமுடியாவது கறுப்பாக மிஞ்சியிருக்கும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எல்லோரும் வேனில் போய் ராடாவைப் பார்த்தோம். கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஸ்டோயான் என்பவரிடம்தான் கோயில் சாவி. கதவைத் திறந்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. என்னவோ இரண்டு வார்த்தை சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“என்னங்க டீச்சர் சொல்றாரு?”

“சும்மா, பட்டிக்காட்டுப் பேச்சு” என்று டீச்சர் நகர்ந்துவிட்டார்.

சுவரைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. ராடா அப்படியே என் நிறம். முகம், கழுத்து, கை எல்லாம் நன்றாக வறுத்த காப்பிக்கொட்டை. பக்கத்தில் நிற்கும் பிரபுவும் அதே நிறம்தான், ஆனால் தாடிக்குள் ஒளிந்துவிட்டார். அவருடைய தோள் அளவுக்குத்தான் ராடா நிற்கிறாள். உடை நல்ல சிவப்பு. அதில் வட்டம் வட்டமாகப் பொன் நிறத்தில் ஒரு மிருகம், கழுகுத் தலையும் சிங்க உடம்பும். அதற்கு என்னவோ பெயர் சொன்னார்கள், நான் யாளி என்று குறித்துக்கொண்டேன். கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்பு பார்டர்.

இன்னொன்றும் கவனித்தேன். ராடா, மேரி மாதா, பெயர் தெரியாத புனிதவதிகள், அத்தனை பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே புருவம். ஓவியருக்கு ஒரு முகம்தான் வரும் போலிருக்கிறது. அதைச் சொன்னேன். டீச்சர் முறைத்தார்.

மார்ச் 1, சனி

இன்று இங்கே எல்லோரும் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலை ஒருவர் கையில் ஒருவர் கட்டிவிடுகிறார்கள். வசந்தம் வருகிறதாம். டீச்சர் எனக்குக் கட்டிவிட்டார். நானும் பழக்கதோஷத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

உடையை யார் போடுவது என்ற பேச்சு வந்தது. டீச்சர் யோசிக்கவே இல்லை. “செவுத்துல இருக்கற மொகத்துக்கு யாரு மொகம் ஒத்துவருதோ, அவதான் ராடா.”

எல்லோரும் யானாவைப் பார்த்தார்கள். டீச்சரின் தம்பி மகள், பேங்கில் வேலை, நெடுநெடுவென்று வளர்ந்த அழகான பெண். நீள மூக்கு, மெல்லிய புருவம், பால் நிறம். நான் பார்த்தது யானாவை இல்லை, மேசை மேலிருந்த ராடா போட்டோவை.

எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. நாற்பத்தாறு வயதில் தரை கூட்டுகிற அங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு ஊர் நடுவே நடக்கிறதாவது. நான் வெட்டுகிறவள், வெட்டிக் கொடுத்தால் என் வேலை முடிந்தது.

மார்ச் 15, சனி

போட்டோவிலிருந்து அளவு எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ராடா நேராக நிற்கிறாள், பக்கவாட்டில் எவ்வளவு என்று ஓவியர் சொல்லவில்லை. எதற்கும் ஓர் உடம்பு வேண்டும். குழுவிடம் தையல் பொம்மை கிடையாது. வீட்டில் இருப்பது இரண்டு உடம்பு. இவருடையது ராடாவுக்கு ஆகாது. வசதிக்காக என் அளவையே வைத்துக்கொண்டேன், ஒரு தொடக்கத்துக்காக.

யானாவிடம் அளவு கேட்கலாம்தான். அவளுக்கு பேங்கில் வருஷக் கடைசி வேலை இருக்கும். தொந்தரவு செய்வானேன்.

மார்ச் 16, ஞாயிறு

பல்கேரியாவில் வருஷக் கடைசி டிசம்பரில்தான் என்று இவர் சொல்கிறார். இவரை யார் கேட்டது.

மார்ச் 22, சனி

காடா துணியில் மாதிரி தைத்தேன். போட்டுப் பார்த்தேன், சரிபார்க்கத்தான். கண்ணாடி முன்னால் சரிபார்த்து முடிக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 5, சனி

நிஜத் துணியை வெட்டினேன். நல்ல கனமான சிவப்பு. கத்தரி உள்ளே இறங்கும்போது வந்த சத்தத்தில் பழைய கம்பெனி ஞாபகம் வந்தது. அங்கே எதை வெட்டினாலும் பிற்பாடு பிரித்துவிட உள்ளே கொஞ்சம் துணி விடுவது என் பழக்கம். இதில் விடவில்லை. ராடா காலத்தில் அப்படி விட்டார்கள் என்பதற்குச் சுவரில் ஆதாரம் இல்லை.

மிச்சத் துணி நிறையவே இருந்தது. வீணாக்குவானேன் என்று டைனிங் நாற்காலிகளுக்கு இரண்டு குஷன் உறை தைத்துவிட்டேன். சரியாக விழுகிறதா என்று யாளி மர அச்சைப் பொன் சாயத்தில் முக்கி அந்தத் துணியில்தான் முதலில் குத்திப் பார்த்தேன். ஒரு குஷனில் அரை யாளி விழுந்திருக்கிறது. பார்க்க லட்சணமாக இருக்கிறது.

வலது பக்கத் தையலில் ஒரு பாக்கெட்டும் வைத்தேன். சுவரில் பாக்கெட் தெரியவில்லை. ஆனால் வெளியே தெரிந்தால் அது நல்ல பாக்கெட்டே இல்லை.

ஏப்ரல் 12, சனி

குழு முழுக்க பார்டர் வேலையில் இறங்கியிருக்கிறது. டீச்சர் வீட்டில் வால்நட் தோலைக் காய்ச்சி அந்தத் தண்ணீரில் பட்டு நூலை ஊறவைத்து, ராடாவின் பழுப்பு அப்படியே வரும்வரை மூன்று தடவை சாயம் ஏற்றினார்கள். அதில் சின்னச் சின்ன முடிச்சு போட்டு பார்டர் பின்னுகிறார்கள். எல்லோர் விரலும் பழுப்பு. டீச்சரின் விரல்களைப் பார்த்தால் பீடி சுற்றுகிறவர் மாதிரி இருக்கிறது. ஆனால் பின்னல் வெகு அழகு, பொய் சொல்லக் கூடாது. மிச்சச் சாயத் தண்ணீரை இவருக்குக் காட்ட ஒரு பாட்டிலில் வாங்கிவந்தேன்.

பார்டர் கனத்தில் அடிப்பக்கம் சுருண்டது. என் பெட்டியில் புடவைக்கு வைக்கும் ஃபால்ஸ் இருந்தது. உள்பக்கமாக வைத்துத் தைத்தேன். அங்கி குத்துக்கல் மாதிரி நின்றது.

டீச்சர் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதென்ன அம்மிணி?” என்றார்.

“செவுத்துல உள்பக்கம் தெரியலீங்க டீச்சர்.”

ஃபால்ஸைத் தடவிப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். கன்னத்தில் பழுப்பு.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் விடுமுறை. இவரை அழைத்துக்கொண்டு போய் ராடாவைக் காட்டினேன். ஸ்டோயான் கதவைத் திறந்துவிட்டு எங்களுக்கு ஆளுக்கொரு சிவப்பு முட்டை கொடுத்தார். என்னிடம் மட்டும் இரண்டு.

இவர் சுவருக்குப் பக்கத்தில் போய் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். கோயிலுக்குப் போனாலும் சாயம் பார்க்கிற மனுஷன்.

“கோகிலா, இது பழுப்பில்ல. ஈயத்துல செஞ்ச வெள்ளை. செவுத்து ஈரத்துல நாளாக நாளாகக் கறுத்துப்போயிரும். இந்த பார்டர் போட்டப்ப வெள்ளையாத்தான் இருந்திருக்கோணும்.”

“பார்டரா?”

“பார்டர், மொகம், கையி. வெள்ளை எங்கெங்க கலந்து பூசுனாங்களோ அங்கெல்லாம்.”

நான் ராடாவைப் பார்த்தேன். அவள் எப்போதும் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதெ யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்றேன்.

“ஏன்?”

“பாவம், அத்தனை பொம்பளைங்க வால்நட் காய்ச்சியிருக்கறாங்க. மனசு ஒடைஞ்சு போயிருவாங்க.”

அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

மே 10, சனி

இன்று யானாவுக்குப் போட்டுப் பார்த்தோம். தோளில் ஏறவே இல்லை. தலையை நுழைத்து, இரண்டு பேர் இழுத்து, எப்படியோ இறக்கினார்கள். கை மணிக்கட்டுக்கு வெகு மேலே நின்றது. கீழே பார்டர் கணுக்காலுக்கு மேலேயே தங்கிவிட்டது. குனிந்தால் முதுகு கிழியும்.

“உள்ள துணி இருக்குதா, பிரிச்சு உடலாமா?” என்றார் டீச்சர்.

“விடலீங்க.”

“மிச்சத் துணி?”

“இல்லீங்க டீச்சர்.”

யானா மூச்சு விட முடியாமல் சிரித்தாள். “அத்தே, இது கோகிக்குத்தான் சரியா இருக்கும் போல.”

“வெளாடாத” என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பி, அன்பாகத்தான் சொன்னார். “கோகி, உன்ற கை வேலை நெம்ப அருமை. ஆனா சனங்க பாக்க வர்றது பல்கேரியச் சீமாட்டியெ. நீ நடந்தா என்ன நெனப்பாங்க, சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்குளில் ஒட்டுத்துணி வைத்து அகலப்படுத்தலாம், கையைத் தூக்கினால்தானே தெரியும் என்று டீச்சரே வழி சொன்னார். நானே வைத்துக் கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டேன். தலையை ஆட்டினேன், வேறென்ன.

பஸ்ஸில் வரும்போதுதான் வலித்தது. எழுதியே விடுகிறேன், இதை யார் படிக்கப்போகிறார்கள். அந்த அங்கியை நான் போட வேண்டும். அந்தச் சுவரைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு அந்த ஆசை இருக்கிறது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கடையில், பஸ்ஸில், லிஃப்ட்டில் எல்லா இடத்திலும் என்னை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்க்கிறார்கள். ஒருநாளாவது நான் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறேன் என்று அவர்கள் பார்க்கட்டுமே.

மே 11, ஞாயிறு

ஒட்டுத்துணி வைத்தேன். வேறு சிவப்பு. கண்றாவியாக இருக்கிறது. ஆனால் தையல் மட்டும் சுத்தம், என் கை அதற்கு மேல் கெட்டுப்போக மறுக்கிறது.

மே 17, சனி

இன்று வாயைத் திறந்தேன்.

எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ராடாவின் பெரிய போட்டோ. நான் அதன் பக்கத்தில் போய் நின்றேன்.

“டீச்சர், மொகம் ஒத்துவர்றவங்கதானுங்களே ராடா?”

“ஆமா.”

“செவுத்துல இருக்கற மொகந்தானுங்களே?”

“ஆமா அம்மிணி, இப்ப அதுக்கென்ன?”

ஜாக்கெட்டின் கையை ஏற்றிவிட்டு, ராடாவின் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். எது சுவர், எது நான் என்று சொல்ல முடியாது. யானாவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

டீச்சர் முகம் சிவந்துபோனது. “அது அவ நெறமில்ல. ஈய வெள்ளை. நாளானா கறுத்துப்போகும். மொத வருசம் படிக்கற புள்ளைக்குக்கூடத் தெரியும். ராடா வெள்ளைதான்.”

“அப்படீங்களா. வெள்ளை பூசுன எடமெல்லாம் கறுத்துருமுங்களா?”

“எல்லாமேதான். ஒண்ணுகூட பாக்கி நிக்காது.”

“அப்ப இந்த பார்டருங்க?”

டீச்சர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு போட்டோவுக்குப் பக்கத்தில் வந்தார். விரலை முதலில் ராடாவின் முகத்தில் வைத்தார். பிறகு பார்டரில் வைத்தார். அதே பழுப்பு. பெண்கள் எல்லோரும் மெதுவாகத் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பார்டர் பழுப்பு என்றால் முகமும் பழுப்பு, அப்போது நான்தான் ராடா. முகம் வெள்ளை என்றால் பார்டரும் வெள்ளை, அப்போது இத்தனை வால்நட்டும் குப்பை. எந்தப் பக்கம் போனாலும் டீச்சருக்கு அடி. எந்த மனுஷியும் பார்டரைக் காப்பாற்றத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

டீச்சர் அங்கியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போகும்போது பத்து வயது கூடினவர் மாதிரி நடந்தார். ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது. டீ ஆறிப்போய்விட்டது.

மே 20, செவ்வாய்

டீச்சர் போனை எடுக்கவில்லை.

மே 22, வியாழன்

இன்றும் இல்லை. புளிசாதம் கிண்டினேன், மிளகாய் கூடிப்போய்விட்டது. இவர் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

மே 24, சனி

இன்று இங்கே எழுத்துத் திருநாள். பிள்ளைகள் டீச்சர்களுக்குப் பூ கொடுக்கிற நாள். மத்தியானம் காலிங் பெல் அடித்தது. வாசலில் பென்கா டீச்சர், பழைய மாணவர்கள் கொடுத்த பூச்செண்டுகளை அணைத்துக்கொண்டு நின்றார். ஒன்றை என் கையில் திணித்துவிட்டு உள்ளே வந்தார். டைனிங் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து அங்கியை எடுத்து மேசை மேல் விரித்தார்.

பார்டர் இல்லை. ஒரு நூல் பிசிறு இல்லாமல் பிரித்திருந்தார். இன்னொரு பொட்டலத்தில் வெள்ளைப் பட்டு நூல்.

“நானே பிரிச்சேன். வேற யாரும் தொடக்கூடாதுன்னுட்டேன். இன்னும் மூணு வாரம் இருக்குது. எங்கூட ஒக்காந்து வெள்ளை பார்டர் பின்னுவியா அம்மிணி?”

இந்த அம்மாள் பார்டரைக் காப்பாற்றவில்லை. அவ்வளவு வேலையையும் தூக்கிப் போட்டுவிட்டு உண்மையை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். என் கணக்கில் இப்படி ஒரு வழி இல்லை.

நூல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அவரே சொன்னார். “மொகம் கறுத்திருந்தது. ஒடனே என்ற மனசு அதெ வெள்ளைன்னு திருத்திருச்சு. பார்டரும் கறுத்திருந்தது. அதெத் திருத்தல. பழுப்புன்னு அப்படியே எடுத்துக்கிச்சு. ஏன் அப்படின்னு ஒரு வாரமா யோசிச்சேன். கெடைச்ச பதிலு எனக்குப் புடிக்கல கோகி.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நல்ல நேரத்தில்தானா இவர் ஆலையிலிருந்து வர வேண்டும். வெள்ளை நூலைப் பார்த்ததும் முகமெல்லாம் பெருமை. இங்கிலீஷில் சொன்னார், “நான் ஈஸ்டர் அன்னைக்கே இவகிட்டச் சொன்னனுங்களே, அது வெள்ளைன்னு.”

அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது டீச்சர் கிளம்பத் தயாராக எழுந்து நின்றார். அவர் உட்கார்ந்திருந்தது அரை யாளி குஷன் போட்ட நாற்காலி. குஷனைக் கையில் எடுத்தார், இரண்டு தட்டுத் தட்டினார், நேராக வைத்தார். அரை யாளியைப் பார்த்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருக்குத் தூரத்தில் இருப்பதுதான் சரியாகத் தெரியாது என்று இவர் சொல்கிறார். குஷன் பக்கத்தில்தானே இருந்தது என்றும் சொல்கிறார். இவர் பேசாமல் இருந்தால் போதும்.

மே 31, சனி

பார்டர் பாதி முடிந்துவிட்டது. வெள்ளையில் ராடா இன்னும் அழகு.

டீச்சர் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுக்கிற குரலில் பேசினார். நேற்று கோயிலுக்குப் போய் வந்தாராம். “அந்தக் கோயில்ல இருக்கற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் ஒரே மொகந்தான். கோகி அன்னைக்கே சொன்னா, நாந்தான் கேக்கல. அதனால மொகம் ஆதாரமில்ல. நெறமும் போச்சு, அதும் ஆதாரமில்ல. மிச்சம் இருக்கறது ஒசரம். ஸ்டோயான் டேப்பைப் புடிச்சான், நான் அளந்தேன். ராடா புருசன் தோளுக்குத்தான் வர்றா. யானா நின்னா இந்த ஊர்ல எவன் தோளையும் தாண்டிப்போயிருவா, அவனுகதான் இவ தோளுக்கு வருவானுக. கோகி, போட்டுப் பாரு.”

போட்டுக்கொண்டு வந்தேன். தோள், கை, இடுப்பு, நீளம் எல்லாம் உட்கார்ந்தது. அக்குளில் ஒட்டு மட்டும் தொங்கியது.

“அதெப்படி இத்தனை கச்சிதமா இருக்குது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நல்ல கட்டிங்” என்றார் டீச்சர், என்னைப் பார்க்காமல். “செவுத்துல ஒட்டு இல்ல. அதெ எடுத்துரு. நீ நடக்கறியா அம்மிணி?”

சந்தோஷத்தில் மேலும் கீழும் தலையை ஆட்டிவிட்டேன். “வேண்டாமா?” என்று அவர் முகம் விழுந்தது. அவசரமாகப் பக்கவாட்டில் ஆட்டினேன். யானா கைதட்டினாள், அவளுக்குத் திருவிழா அன்று கடலுக்குப் போகிற திட்டம் இருந்ததாம், அத்தையிடம் சொல்லப் பயமாம்.

கிளம்பும்போது டீச்சர் என் காதோரம் குனிந்தார். “அந்தக் குசன் ரெண்டையும் பிரிச்சுக் கொண்டா. யானாவுக்கு ஒரு தொப்பி தெச்சுத் தரலாம். துணி மிச்சமில்லைன்னு அந்தப் புள்ள வருத்தப்பட வேண்டாம்.”

ஜூன் 7, சனி

ஒட்டைப் பிரித்தாயிற்று. குஷனையும் பிரித்தாயிற்று. இவர் வெறும் நாற்காலி குத்துகிறது என்கிறார். குத்தட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குள்ளேயே உடை மாற்றினேன், ராடாவுக்கு நேர் எதிரே. யானா கடலுக்குப் போகவில்லை, தொப்பியைப் போட்டுக்கொண்டு போட்டுக் கழற்ற முதுகில் புதிதாக வைத்திருந்த கயிறுகளை முடிந்துவிட்டாள். கயிறும் சுவரில் இல்லை. பின்பக்கம் தெரியாது என்று டீச்சரே சொல்லிவிட்டார்.

வெளியே ஊர் முழுக்க நிற்கிற சத்தம் கேட்டது. டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. நீ நடந்தா என்ன நெனப்பாங்க. டீச்சரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, என் கையைப் பிடித்த அவர் கை சில்லென்றிருந்தது.

ஸ்டோயான் கதவைத் திறந்தார். வெயிலில் கண் கூசியது. சத்தம் சட்டென்று நின்றது. நான் ஒரு படி இறங்கினேன். முன்னால் நின்ற ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு கூட்டத்தில் அங்கங்கே அதே இரண்டு வார்த்தை கேட்டது, பிப்ரவரியில் ஸ்டோயான் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாரே, அது. இப்போது எனக்கு அவ்வளவு பல்கேரியன் தெரியும். 'செர்னா ராடா.' கறுப்பு ராடா.

இந்த ஊரில் யாரும் அவளை வெள்ளையாகப் பார்த்ததே இல்லை. ஈய வெள்ளை, ஆராய்ச்சி எதுவும் இவர்களுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து சுவரில் பார்த்தது கறுத்த முகம். நம் ஊராக இருந்தால் கருப்பாயி என்று பெயர் வைத்துத் தனிக்கோயிலே எழுப்பியிருப்பார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு பெண் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்த சொந்தக்கார ஒறம்பரையைப் பார்ப்பது போல் சிரித்தாள். யாரும் ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்க்கவில்லை. நான் அழுதேன், அங்கேயே, எல்லோர் முன்னாலும். சீமாட்டிகள் அழுவார்களா என்பதற்குச் சுவரில் ஆதாரம் இல்லை.

ஸ்டோயான் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகத்தைப் பார்த்தார், திருப்தி. கையைப் பார்த்தார், திருப்தி. யாளிகளைப் பார்த்தார், அதுவும் சரி. குனிந்து பார்டரைப் பார்த்தார். நிமிர்ந்தபோது நெற்றி சுருங்கியிருந்தது.

“மொகம் சரியா இருக்குது. பார்டரு தப்பு. எங்க ராடாவுக்குப் பழுப்பு பார்டரு. இதெ யாரு வெள்ளையா வெச்சது?”

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் என்று பக்கவாட்டில் தலையை ஆட்டினார்கள்.

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் ஸ்டோயானைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். என் வலது பக்கத் தையலில் தேடாமல் நேராகக் கையை விட்டு, பாக்கெட்டில் அதைப் போட்டுவிட்டு, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“அந்த வால்நட் தண்ணி மிச்சம் வெச்சிருக்கியா அம்மிணி?”

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.